அம்மா சிலேட்டில் எழுதிய நைஸ்

போன மாதம் ஒரு தீர்ப்பைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். சட்டப் புத்தகங்கள் போடும் ஒரு பதிப்பகத்துக்காக அவ்வப்போது செய்கிற வேலை. ஓர் உயில் செல்லுமா செல்லாதா என்று அண்ணனும் தம்பியும் பல வருடம் இழுத்த வழக்கு. விவரங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைச் சாட்சி பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று எழுதியவரே சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த வழக்கில் சாட்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நடுவில் ஒரு சன்னல். குனிந்திருந்த முதுகும் அசைந்த கையும் சாட்சிக்குத் தெரிந்தன, பேனாவும் தாளும் தெரியவில்லை. இதைப் பார்த்ததாக எடுத்துக்கொள்வதா, வேண்டாமா? நீதிபதி அந்த இடத்தில் நின்று, இங்கே ஒரு ‘நைஸ் கொஸ்டின் ஆஃப் லா’ எழுகிறது என்று எழுதியிருந்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் ‘இங்கே ஒரு நல்ல சட்டக் கேள்வி எழுகிறது’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

சரிபார்க்கும் மூத்த வழக்கறிஞரிடமிருந்து கட்டு திரும்பி வந்தது. 48 பக்கத்தில் ஒற்று விட்ட இடங்கள், ஒரு தேதி, ஒரு சர்வே எண் என்று சில்லறைத் திருத்தங்கள். அந்த ‘நல்ல’ மட்டும் பென்சிலால் வட்டம் போடப்பட்டு, ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘நுட்பமான’ என்று இருந்தது. வேறு விளக்கம் எதுவும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆங்கிலத்தில் முதல் வகுப்பிலேயே படிக்கிற சொல். அதில் போய் எப்படித் தப்பு வரும்? அவருக்கே போன் செய்தேன்.

“சார், நைஸ்னா நல்லதுன்னுதானே அர்த்தம்?”

“கோர்ட்டுல அப்படி இல்லம்மா. மயிரிழையில ரெண்டாப் பிரியிற கேள்வி அது. இந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதலாம், அந்தப் பக்கமும் எழுதலாம். அவ்வளவு நைஸான விஷயம். கண்ணால பாத்தாத் தெரியாது, விரல்ல தடவிப் பாக்கணும்னு வச்சுக்கோங்களேன்.”

அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். அப்புறம் வேறு ஏதோ பக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு அதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. நைஸ், விரலால் தடவிப் பார்ப்பது. இந்த இரண்டையும் சேர்த்து நான் கேட்டது ஒரே ஓர் இடத்தில்தான். அம்மாவின் கிரைண்டர் பக்கத்தில்.

வாசலில் தொங்கிய சிலேட்

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பாவுக்கு வேலை போனது. அம்மா வீட்டில் இருந்த கிரைண்டரை வைத்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு மாவு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். அப்போது எங்கள் தெருவில் கிரைண்டர் இருந்ததே இரண்டு மூன்று வீட்டில்தான். காலையிலேயே தூக்குவாளிகளும் எவர்சில்வர் போகிணிகளும் திண்ணையில் வரிசையாக வந்துவிடும். யாருடையது எது என்று தெரிவதற்காக மூடியில் சாக்பீஸால் அடையாளம் போடுவது என் வேலை. அம்மா ஒவ்வொருவரிடமும் கேட்பார்: “இட்லிக்கா, தோசைக்கா? அரிசி நைஸா ஓட்டவா, கொரகொரன்னு எடுத்திறவா?” பணியாரத்துக்கு ஒரு பதம், ஆப்பத்துக்கு ஒரு பதம், கொழுக்கட்டைக்கு வேறு. ஓடிக்கொண்டிருக்கும் கல்லுக்குள் கை விட்டு, குழவியில் மாட்டாமல் லாகவமாக ஒரு துளி மாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். மணல் மாதிரி நெருடினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஓட விடுவார். நெருடல் நின்றதும் “நைஸாயிருச்சு” என்று சுவிட்சை அணைப்பார். உளுந்து என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு பொட்டு விட்டால் அது மிதக்க வேண்டும்.

என் பழைய சிலேட் ஒன்றைத் துடைத்து, அம்மா தன் கையால் எழுதி வாசல் ஆணியில் மாட்டினார்: ‘இங்கு மாவு நைஸாக அரைத்துத் தரப்படும்.’ எட்டாவது வரை படித்த அம்மா எழுதிய முதல் விளம்பரம். எழுத்து கோணாமல் இருக்கட்டும் என்று அடிக்கோல் வைத்து எழுதினார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவுக்குப் பெரியப்பா மகன். வெளியூரில் ஆங்கில வாத்தியார். வந்தவர் வாசலிலேயே நின்று சிலேட்டைப் படித்தார், சிரித்தார். “ஏம்மா, நைஸ்னா நல்லதுன்னு அர்த்தம். இனிமையானதுன்னு அர்த்தம். மாவு எப்படி நைஸா இருக்கும்? அதுக்கு ஃபைன்னு சொல்லணும். தெரியாத வார்த்தையை எதுக்கு எழுதிப்போட்டு நாலு பேர் சிரிக்க வைக்கிற?” என்று சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலில் எச்சில் தொட்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்தார். அம்மா வாசற்படியில் மாவுக் கையோடு நின்றிருந்தார். “சரிண்ணே” என்று மட்டும் சொன்னார். அப்புறம் சிலேட்டில் ‘இங்கு மாவு அரைத்துத் தரப்படும்’ என்று மட்டும் இருந்தது. நடுவில் ஒரு சாம்பல் நிறத் திட்டு, எச்சில் காய்ந்த தடம். அந்த இடத்தில் அம்மா திரும்ப எதையும் எழுதவில்லை.

மாமாமேல் எனக்கு இன்று கோபம் இல்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். இத்தனை வருடமாக உள்ளே நெருடிக்கொண்டிருப்பது வேறு. அன்று நான் மாமா பக்கம் நின்றேன். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது போல எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கப்புறம் அம்மா எப்போதாவது மறந்து ‘நைஸா’ என்று சொன்னால், “அம்மா, அது தப்பு” என்று சொல்வேன். கல்லூரி போகிற வரைக்கும் சொன்னேன். அம்மா மெல்ல மெல்ல ‘மைய அரை’, ‘வெண்ணெயா அரை’ என்று மாறிக்கொண்டார். விருந்தாளி இருக்கும்போது அந்தச் சொல் அவர் வாயில் வரவே வராது. ஒரு தொழில்காரியிடமிருந்து அவள் தொழிலின் சொல்லைப் பிடுங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

முட்டாளில் தொடங்கிய பயணம்

போனை வைத்த அன்று இரவு அகராதிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். விடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போதுதான் படுத்தேன்.

அந்தச் சொல் லத்தீனிலிருந்து கிளம்புகிறது. ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். அதன் முன் ‘நெ’ என்ற மறுப்பைச் சேர்த்தால் ‘நெஸ்கியுஸ்’, அறியாதவன். இதே ‘ஸ்கிரே’யிலிருந்து பிறந்ததுதான் சயின்ஸ். மனசாட்சியைச் சொல்கிற கான்ஷியன்ஸும் அதே வயிற்றில் பிறந்தது. ஆக நைஸும் சயின்ஸும் கூடப்பிறந்தவை. ஒன்று அறிவு, மற்றொன்று அறியாமை. பழைய பிரெஞ்சில் இது ‘நீஸ்’ என்று ஆகி, முட்டாள், பேதை என்ற பொருளோடு, 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வருகிறது. 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் ஒருவனை நைஸ் என்று சொன்னால் அவன் மடையன். ஸ்பானிய மொழியில் இதே லத்தீன் சொல்லின் பிள்ளை ‘நெசியோ’ இன்றைக்கும் முட்டாளாகவே இருக்கிறது. ஒரே தாய்க்குப் பிறந்து, ஒரு பிள்ளை ஊரிலேயே அப்படியே இருந்துவிட, இன்னொன்று ஊர் ஊராகச் சுற்றி அடையாளமே தெரியாமல் மாறி வந்தது போல.

அடுத்த கட்டம்தான் என்னை உலுக்கியது. முட்டாள் என்ற பொருளோடு கூடவே, கட்டுப்பாடில்லாத, ஒழுக்கம் தளர்ந்த, ஆடம்பரமாக உடுத்துகிற என்றெல்லாம் அந்தச் சொல் நீள்கிறது. அப்புறம் அப்படியே திரும்பி, வெட்கப்படுகிற, ஒதுங்கி நிற்கிற, எளிதில் இணங்காத என்று ஆகிறது. அதிலிருந்து, எதையும் சட்டென்று தொடாத, அது ஆகாது இது ஆகாது என்று முகம் சுளிக்கிற. அதிலிருந்து, பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்கிற. அதிலிருந்து, மிகத் துல்லியமான, நுணுக்கமான. ஒவ்வொரு படியும் ஓர் அங்குலம்தான். கீழே நின்று மேலே பார்த்தால்தான் தலை சுற்றுகிறது.

அறியாமை எப்படிக் கூச்சமாகி, கூச்சம் எப்படி நாசூக்காகும் என்று ஆங்கிலேயர் வியக்கலாம், தமிழ் படித்தவர்களுக்கு அதில் வியப்பில்லை. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நான்கைப் பெண்ணுக்கு உரியவை என்று அடுக்கினோமே, அதில் மடம் என்றால் என்ன? அறியாமைதான். மடமை, மடையன் எல்லாம் அந்த வேர்தான். ஆணுக்கு வந்தால் வசவு, பெண்ணுக்கு வந்தால் அணிகலன். தெரிந்தாலும் தெரியாதது போல இருப்பதே மடம் என்று எங்கள் தமிழாசிரியை சொல்லித் தந்தபோது வகுப்பில் ஒரு பெண்ணும் எதிர்த்துக் கேட்கவில்லை. பயிர்ப்பு என்பது பழகாத பொருளைத் தொட நேர்ந்தால் வரும் கூச்சம், அருவருப்பு. மடம், நாணம், பயிர்ப்பு மூன்றையும் ஒரே சொல்லில் ஊற்றி வைத்தால் இடைக்கால ஆங்கிலத்தின் நைஸ் கிடைத்துவிடும். இரண்டு சமூகங்களும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே காரியத்தைச் செய்திருக்கின்றன. அறியாதவளாக இருப்பதை அழகு என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தச் சொல்லே அழகாகிவிட்டது. இந்தச் சொல்லின் கதையில் எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் இது. ‘நைஸ் கேர்ள்’ என்று இனி யாராவது சொன்னால் அந்தப் பழைய அர்த்தம் என் காதில் விழாமல் இருக்காது.

ஷேக்ஸ்பியரிடம் வந்தால் இன்னொரு கிளை. நுணுக்கமானது என்பது சின்னது, அற்பமானது என்றும் ஆகியிருக்கிறது. ரோமியோ ஜூலியட்டின் கடைசிப் பகுதியில் பாதிரியார் லாரன்ஸ் ஒரு கடிதம் அனுப்புகிறார். ஜூலியட் சாகவில்லை, தூங்குகிறாள் என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம். கொண்டுபோன துறவி, கொள்ளைநோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைக்கப்பட்டு, கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறார். பாதிரியார் பதறிப்போய்ச் சொல்கிறார், அந்தக் கடிதம் ‘நைஸ்’ அல்ல என்று. இன்றைய கண்ணால் படித்தால், கடிதம் மரியாதையாக எழுதப்படவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். அவர் சொல்வதோ, அது அற்ப விஷயம் அல்ல, தலைபோகிற காரியம் என்று. இரண்டு உயிர் அந்த ஒரு கடிதத்தில் தொங்குகிறது. பள்ளிப் பாடத்தில் அந்தக் கதையைச் சுருக்கமாகப் படித்து, அப்புறம் கல்லூரியில் முழுசாகப் படித்து, அந்த வரியை நான் இரண்டு முறையாவது கடந்திருப்பேன். ஒரு முறையும் என் கண் அங்கே நிற்கவில்லை. தெரிந்த சொல் என்று நினைத்துவிட்டால் நாம் அகராதியைத் திறப்பதில்லை. தெரியாத சொல்லில் தப்பு வருவது குறைவு. தெரிந்த சொல்தான் கவிழ்க்கும், மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இது அனுபவம்.

1755-இல் சாமுவேல் ஜான்சன் போட்ட அகராதியில் இந்தச் சொல்லுக்கு அவர் கொடுக்கும் முதல் பொருள், நுண்ணிய அளவு வரைக்கும் துல்லியமாகத் தீர்மானிக்கிற, சில சமயம் தேவைக்கு மேலேயே துல்லியம் பார்க்கிற என்பது. இனிமையான, மனத்துக்குப் பிடித்த என்ற இன்றைய பொருள் அந்த 18-ஆம் நூற்றாண்டில்தான் பேச்சில் பரவுகிறது. அப்படியானால் மாமா அழித்த பொருள்தான் மூத்தது, அவர் சரி என்று சொன்ன பொருள் கடைக்குட்டி. ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் பல இடங்களில், எழுதியவர் இந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொன்னார் என்று தீர்மானிப்பதே கடினம் என்று. அதைப் படித்ததும் மனம் கொஞ்சம் லேசானது. சொல்லையே தொழிலாகக் கொண்டவர்களே கையை விரித்த இடம் அது.

பழைய பொருள் செத்துவிடவில்லை, ஒதுங்கியிருக்கிறது. நீதிமன்றத்தில் இருக்கிறது, பென்சில் வட்டம் போட்டு எனக்குக் காட்டியது அதைத்தான். ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்று தத்துவப் பேராசிரியர்கள் சொன்னால் இழை பிரித்தாற்போன்ற வேறுபாடு. ‘நைசிட்டி’ என்று அதிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் இன்னமும் நுணுக்கத்தைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. வீட்டின் புது மருமகள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, வயதான பாட்டி பின்கட்டில் தன் பாட்டுக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருப்பது போல அந்த மூத்த பொருள் இருக்கிறது.

பீச்சன் குன்றின் மேல் ஒரு திருத்தம்

இந்தச் சொல்லைப் பற்றி எழுதுகிற எல்லோரும் ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் வரும் ஒரு காட்சியைக் குறிப்பிடுகிறார்கள். அவர் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்த நாவல். நான் கல்லூரியில் படித்ததுதான். அன்று இரவு மறுபடி எடுத்தபோது வேறு கதையாக இருந்தது.

இங்கிலாந்தில் பாத் என்ற நகரத்தை ஒட்டிய பீச்சன் குன்றின் மேல் மூன்று பேர் நடந்து போகிறார்கள். கேதரின் என்ற பதினேழு வயதுப் பெண், ஹென்றி டில்னி என்ற படித்த இளைஞன், அவன் தங்கை எலினார். கேதரினுக்கு ஒரு திகில் நாவல் மேல் பைத்தியம். உலகத்திலேயே ‘நைஸான’ புத்தகம் அதுதானே என்று ஆசையாகக் கேட்கிறாள். ஹென்றி விடுவானா? நைஸ் என்றால் நேர்த்தியானது என்று சொல்கிறீர்கள் போல, அது பைண்டிங்கைப் பொறுத்தது என்கிறான். அப்புறம், இன்றைக்கு நைஸான நாள், நாம் போவது நைஸான நடை, நீங்கள் இருவரும் நைஸான பெண்கள், ஆகா, எல்லாவற்றுக்கும் ஆகிற சொல் அல்லவா இது என்று கேலி செய்கிறான். ஆதியில் இது நேர்த்தி, முறைமை, நாசூக்கு இவற்றைச் சொல்லத்தான் இருந்திருக்கும் என்று பாடமும் நடத்துகிறான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். ஹென்றி சொல்வது எங்கள் வாசலில் மாமா சொன்னது. தொனிகூட அதேதான். தப்பு என்று ஒருவரைத் திருத்தும்போது நாம் எந்தக் காலத்துச் சரியைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துகிறோம்? ஹென்றிக்குச் சரி என்பது அவனுக்கு முந்தைய நூறு, இருநூறு வருடத்துப் பழக்கம். ஆதியில் என்று அவன் சொன்னது ஆதி இல்லை, பாதி வழி. இன்னும் பின்னால் போயிருந்தால் முட்டாள் என்ற இடத்துக்கு வந்திருப்பான். மாமாவுக்குச் சரி என்பது ஹென்றி தப்பென்று கேலி செய்த அதே பொருள். ஹென்றியை எங்கள் வாசலுக்குக் கூட்டிவந்து சிலேட்டைக் காட்டியிருந்தால், அவன் அம்மாவின் வாக்கியத்தில் குறை கண்டிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். நேர்த்தியாக, நுணுக்கமாக அரைத்துத் தரப்படும். அவன் கேட்டதும் அதைத்தானே. அவன் மாமாவைத்தான் திருத்தியிருப்பான். எலினார் கடைசியில் அண்ணனைப் பார்த்து, இந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், அதுவும் பாராட்டாக இல்லை, நீ அறிவைவிட நைஸ்தனம் அதிகம் உள்ளவன் என்கிறாள். சின்னச் சின்னத்தில் துல்லியம் பார்த்துப் பெரியதைக் கோட்டை விடுகிறவன் என்று அர்த்தம். அப்படி ஒரு தங்கை அன்று எங்கள் வாசலில் இல்லை. இருந்திருக்க வேண்டியவள் நான்தான், நான் பத்து வயதில் மாமாவின் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

நம் நைஸ் எங்கிருந்து வந்தது

சரி, மாவு நைஸாக இருக்கட்டும். நாம் இன்னும் எத்தனை இடத்தில் இந்தச் சொல்லை வைத்திருக்கிறோம்! வழவழவென்று கையில் நிற்காத துணி நைஸ் துணி, தையல்காரர் அதைத் தைக்கக் கூலி கூட்டிக் கேட்பார். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நேரத்தில் நைஸாக நழுவுகிற ஆள் உண்டு. பெரியவரிடம் நைஸாகப் பேசிக் காரியம் சாதிக்கிறவர் உண்டு. ‘என்ன, நைஸ் பண்றியா?’ என்று பிள்ளையிடம் கேட்காத அம்மா உண்டா? இதில் எதுவும் இன்றைய ஆங்கில அகராதியில் இல்லை. இங்கிலாந்துக்காரரிடம் ‘அவன் நைஸாகப் போய்விட்டான்’ என்றால் பண்போடு விடைபெற்றுப் போனான் என்று எடுத்துக்கொள்வார்.

நம் ஊரில் இதைத் தப்பு ஆங்கிலம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழவழப்பாக இருப்பது வழுக்கும், வழுக்குவது சத்தமில்லாமல் நழுவும், சத்தமில்லாமல் நழுவுகிற பேச்சு ஆளைக் கவிழ்க்கும். மாவிலிருந்து துணிக்கு, துணியிலிருந்து நடைக்கு, நடையிலிருந்து பேச்சுக்கு. ஆங்கிலத்தில் எழுநூறு வருடமாக அந்தச் சொல் அங்குலம் அங்குலமாக நகர்ந்ததே, அதே நகர்வைத் தமிழும் செய்திருக்கிறது. ஆங்கிலேயர் நகர்த்தினால் அதற்குப் பெயர் சொற்பொருள் வளர்ச்சி, அம்மா நகர்த்தினால் பிழை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் சொல் தமிழுக்குள் வந்தபோது இங்கே அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். துணி நைந்துபோச்சு என்கிறோம், நையப் புடைத்தார்கள் என்கிறோம். நைதல் என்றால் கசங்கி, இழைந்து, மென்மையாகிப் போவது. பக்திப் பாடல்களில் உள்ளம் நைந்து உருகும். குழவிக்கு அடியில் உளுந்துக்கு நடப்பது அதுதானே? அப்புறம் நயம். நயமாகப் பேசினான், நயமான எண்ணெய். அப்புறம் நைச்சியம். வடமொழி வழியாக வந்தது, நீசம் என்பதோடு தொடர்புள்ளது, தன்னைத் தாழ்த்திக்கொள்வது என்று பொருள். இறைவன் முன் தன் தாழ்மையை நினைந்து சொல்வதை வைணவர்கள் நைச்சியானுசந்தானம் என்பார்கள். அதுவே தெருவுக்கு வந்ததும் நைச்சியமாகப் பேசி ஏமாற்றினான் என்று ஆகிவிட்டது. ‘நைஸாகப் பேசி’ என்பதையும் ‘நைச்சியமாகப் பேசி’ என்பதையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். என் கணிப்பு, ஆங்கிலச் சொல் இங்கே தனியாகக் கால் ஊன்றவில்லை. நை, நயம், நைச்சியம் மூன்றும் ஆளுக்கொரு கை கொடுத்துத்தான் அதை வீட்டுக்குள் ஏற்றியிருக்கின்றன. அம்மா நைஸ் என்று சொன்னபோது அவர் வாயில் இருந்தது பாதிதான் இரவல், மீதிப் பாதி பிறந்த வீட்டுச் சீதனம்.

போன ஞாயிற்றுக்கிழமை

ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி, மாவு அரைத்துக் கொடுப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. மேடைமேல் வைக்கிற சின்னக் கிரைண்டர் ஒன்று வீட்டுக்கு மட்டும் ஓடுகிறது. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து உளுந்தைக் கை கையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் வட்டத்தைச் சொன்னேன். லத்தீனைச் சொன்னேன். ஜான்சன் பெயரைச் சொன்னேன். நீ எழுதினதுதான்மா சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறியது. அம்மா மாவைத் தள்ளிவிடுவதை நிறுத்தவில்லை.

“அந்தச் சிலேட்டை இன்னுமா நினைச்சுக்கிட்டிருக்க?” என்று மட்டும் கேட்டார்.

“நீ மறந்துட்டியா?”

பதில் சொல்லவில்லை. தண்ணீர் தெளித்தார். நான் குன்றின் மேல் நடந்துபோன மூன்று பேரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ஹென்றி கேலி செய்த இடம் வந்ததும் அம்மா சுவிட்சை அணைத்துவிட்டார். கல் சுற்றி நின்றது.

“அந்தப் பொண்ணு என்ன சொன்னா?”

“யாரு?”

“அதான், புத்தகம் நைஸா இருக்குன்னு சொன்னாளே, அவ. அவன் அப்படிச் சிரிச்சதுக்கு அவ ஒண்ணும் சொல்லலையா?”

நல்லவேளை, எனக்கு அந்த வரி நினைவிருந்தது. “நான் தப்பா எதுவும் சொல்ல நினைக்கலை. ஆனா அது நைஸான புத்தகம்தானே, நான் ஏன் அப்படிச் சொல்லக் கூடாதுன்னு கேட்டாம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கல்லுக்குள் கை விட்டு ஒரு துளி எடுத்து, இரண்டு விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். விரலை விரித்துப் பார்த்தார்.

“கேட்டாளா?” என்றார். “நல்லது.” அப்புறம் சுவிட்சைப் போட்டார். “இன்னும் ரெண்டு சுத்து ஓடட்டும். நைஸாகல.”